20% வைட்டமின் சி + இ + ஃபெருலிக் சீரம்: லேபிளை வைத்து எவ்வளவு நம்பலாம்?

மஞ்சக்கிழங்கு:
கம்பெனி பெயர் வேண்டாம், கடையில் வரும் பாதி சீரம் இதே மாதிரிதான் இருக்கிறது. 30 மி.லி. குப்பி, உள்ளே இருப்பது அப்படியே தெரியும் வெள்ளைக் கண்ணாடி, டிராப்பர் மூடி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "20% வைட்டமின் சி காம்ப்ளெக்ஸ், வைட்டமின் இ, ஃபெருலிக் அமிலம்". பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது இது, வரிசை மாற்றாமல் தருகிறேன்:

தண்ணீர், எத்தாக்சிடைகிளைக்கால், அஸ்கார்பிக் அமிலம், கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், பாலிசார்பேட் 20, ஃபீனாக்சிஎத்தனால், டோக்கோஃபெரில் அசிடேட், ஃபெருலிக் அமிலம், சோடியம் ஹயலூரனேட், ட்ரைஎத்தனோலமைன், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், லிமோனீன், சி.ஐ. 15985.

எனக்கு மூன்று கேள்வி. அந்த 20% நிஜமா? இ-யும் ஃபெருலிக்கும் கடைசியில் கிடக்கிறதே, அது சும்மா பேருக்குத்தானா? மங்குக்கும் பரு வடுவுக்கும் இது கேட்குமா? திறக்கும்போதே லேசான ஆரஞ்சு நிறம், பி.எச். (புளிப்பு அளவு, எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) அட்டையில் எங்கேயும் போடவில்லை.

பீக்கர்:
முதலில் "காம்ப்ளெக்ஸ்" என்ற வார்த்தையைப் பாருங்க. 20% எல்-அஸ்கார்பிக் அமிலம் (அசல் வைட்டமின் சி, பட்டியலில் அஸ்கார்பிக் அமிலம் என்று இருப்பது) போட்டிருந்தால் அதையே போட்டு விற்றிருப்பார்கள், விற்பனைக்கு அதைவிட நல்ல வரி கிடையாது. காம்ப்ளெக்ஸ் என்றால் அஸ்கார்பிக் அமிலம், அதன் மாற்று வடிவமான சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் இரண்டையும் கூட்டி 20 என்று அர்த்தம். சில இடங்களில் அவை கரைந்திருக்கும் திரவத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

அடுத்து வரிசை. நம்ம நாட்டு 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிப்படி 1%-க்கு மேல் உள்ளதெல்லாம் எடை இறங்குவரிசையில் வர வேண்டும். 1%-ம் அதற்குக் கீழும் உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். அந்த 1% கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஃபீனாக்சிஎத்தனாலைத் தேடுங்க. அது பதனப்பொருள், வழக்கமாக 1%-க்கு மேல் போக மாட்டார்கள். ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1% அல்லது அதற்கும் கீழே.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். "ஃபெருலிக் கடைசியில் இருக்கு, வேஸ்ட்" என்று. ஃபெருலிக் அமிலத்துக்கு ஆய்வில் பயன்பட்ட அளவே 0.5%தான். டோக்கோஃபெரால் (வைட்டமின் இ) 1%. அந்த அளவில் போட்டாலும் அவை ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பக்கத்திலோ பின்னாலோதான் வரும். இடத்தை வைத்து ஃபெருலிக்கைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது அதற்கு முந்தின பெயரை. டோக்கோஃபெரில் அசிடேட் வேறு, டோக்கோஃபெரால் வேறு. ஃப்ரீ ராடிக்கலுக்கு (வெயிலில் தோலுக்குள் உண்டாகி செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறு) ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்குவது டோக்கோஃபெராலில் உள்ள ஓ.எச். தொகுதி. அசிடேட்டில் அந்த வாயை அடைத்துவிட்டார்கள், அதனால்தான் அது கெடாமல் இருக்கிறது. தோலில் உள்ள என்சைம் அதைப் பிரித்தால்தான் வேலை செய்யும், அதுவும் கொஞ்சம்தான் பிரிகிறது. குப்பிக்குள் இருக்கும்வரை வைட்டமின் சி-க்கு அது துணை இல்லை.

இன்னும் பெரிய முரண் ஒன்று உண்டு. எல்-அஸ்கார்பிக் அமிலத்துக்கு பி.எச். 3 பக்கம் வேண்டும். சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்டுக்கு 6-7 பக்கம் வேண்டும், புளிப்பில் அது மெதுவாக உடையும். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டால் ஒன்றுக்கு இடம் சரியில்லை, இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நிறுத்தி இரண்டையும் கெடுத்திருப்பார்கள். எண்ணைப் பெரிதாக்கத்தான் இந்தக் கூட்டு.

கடைசி வரி: சி.ஐ. 15985 ஆரஞ்சு சாயம். வைட்டமின் சி சீரம் கெட்டுப்போனதைக் காட்டும் ஒரே வெளி அடையாளம் நிறம். முதல் நாளே ஆரஞ்சு சாயம் போட்டுவிட்டால் பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சாயம் சேர்த்த வைட்டமின் சி சீரத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

விளக்கெண்ணெய்:
பி.எச். 3 பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? ஒரு அமெரிக்க கம்பெனி தன் சரக்கை விற்கச் சொன்ன கதைதானே.

பீக்கர்:
பாதி சரி. டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வு அது. அவர் ஸ்கின்சூட்டிக்கல்ஸ் நிறுவனத்தின் மூல விஞ்ஞானி, அதை மறைக்க வேண்டியதில்லை. பன்றித் தோலில் செய்தார்கள். கண்டது: பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் எல்-அஸ்கார்பிக் அமிலம் உள்ளே போகிறது. 20% வரை கூடுகிறது, அதற்கு மேல் ஏற்றினால் உறிஞ்சல் குறைகிறது. மூன்று நாள் தொடர்ந்து தடவினால் தோல் நிறைந்துவிடுகிறது. நிறைந்தபின் பாதியாகக் குறைய சுமார் 4 நாள் ஆகிறது. அதே ஆய்வில் மெக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்டும் அஸ்கார்பைல் பால்மிட்டேட்டும் தோலில் வைட்டமின் சி அளவை ஏற்றவில்லை.

கம்பெனிக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம் என்றால் வெறும் வேதியியலை வைத்துக் கணக்குப் போடுங்க. அஸ்கார்பிக் அமிலத்தின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறு மின்னேற்றம் பெறும் பி.எச்.) சுமார் 4.2. மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுதான் தோலின் கொழுப்பு மேலடுக்கைத் தாண்டும். பி.எச். 3-ல் 94% மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். 3.5-ல் 83%. 4.2-ல் பாதிக்குப் பாதி. 5.5-ல் 5%தான். இதைச் சொல்ல எந்தப் பன்றியும் வேண்டாம்.

டெர்மா நெல்லை:
பயன் பற்றி. இதில் மூன்று விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம்: வெயில் சேதத்தைத் தடுப்பது, சுருக்கத்தைக் குறைப்பது, கறுமையை இறக்குவது. மூன்றுக்கும் ஆதாரத்தின் கனம் வேறு வேறு.

வெயில் சேதத்துக்கு: 15% எல்-அஸ்கார்பிக் + 1% ஆல்பா டோக்கோஃபெரால் கலவை பன்றித் தோலில் சுமார் 4 மடங்கு பாதுகாப்பு தந்தது. 0.5% ஃபெருலிக் சேர்த்ததும் அது சுமார் 8 மடங்கானது, கலவையும் நிலைத்து நின்றது. 2005 ஆய்வு. சிவப்பையும் வெயிலில் கருகிய செல்களையும் எண்ணிப் பார்த்த கணக்கு இது. 8 மடங்கு என்பதை எஸ்.பி.எஃப். 8 என்று எடுத்துக்கொண்டு சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. சீரம் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை, சன்ஸ்கிரீனைத் தாண்டி உள்ளே வந்த கதிர் கிளப்பும் ராடிக்கலைத்தான் அடக்குகிறது.

சுருக்கத்துக்கு: 2003-ல் பிரான்ஸில் 5% வைட்டமின் சி கிரீமை ஆறு மாதம், வெறும் கிரீமோடு ஒப்பிட்டு, கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் கையிலும் பார்த்தார்கள். வரிகள் குறைந்தன. கவனியுங்க, 5%, ஆறு மாதம்.

மங்குக்கு: 2004-ல் மெக்சிகோ ஆய்வு ஒன்று. 16 பெண்கள், முகத்தின் ஒரு பக்கம் 5% அஸ்கார்பிக் அமிலம், மறுபக்கம் 4% ஹைட்ரோகுவினோன் (மங்குக்கு வழக்கமாகத் தரும் மருந்து), 16 வாரம். நல்ல பலன் ஹைட்ரோகுவினோன் பக்கம் 93%, வைட்டமின் சி பக்கம் 62.5%. எரிச்சல் தலைகீழ்: ஹைட்ரோகுவினோன் பக்கம் 68.7%, வைட்டமின் சி பக்கம் 6.2% மட்டும். ஆள் குறைவு, ஆனால் திசை தெரிகிறது. இரு பக்கமும் தினம் சன்ஸ்கிரீன் போட்டார்கள், அதைச் சொல்லாமல் இந்த எண்களை எடுத்துப் பேசுவது தப்பு.

நம்ம தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மாநிறத்துக்கும் அதற்கு மேலும் உள்ள தோலில் எந்த எரிச்சலும் கறுப்பாகத்தான் ஆறும். பி.எச். 2.5-ல் 20% சீரம் போட்டு கன்னம் எரிந்து, சிவந்து, பிறகு அந்த இடமே கறுத்தால் அது சீரம் "உள்ளே இருந்த கறுப்பை வெளியே எடுப்பது" இல்லை. விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கூச்சம் ஓரிரு நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கழுவிவிட்டு அளவைக் குறைத்த சீரத்துக்குப் போங்க. மங்கு இருப்பவர் 20%-ல் தொடங்கவே வேண்டாம், 10% போதும்.

விளக்கெண்ணெய்:
5%-க்கே இவ்வளவு பலன் என்றால் எலுமிச்சம்பழம் என்ன பாவம் செய்தது டாக்டர்? பாட்டிமார் அதைத்தானே தேய்த்தார்கள்.

டெர்மா நெல்லை:
எலுமிச்சைச் சாற்றில் 100 மி.லி.-க்கு 30 முதல் 50 மி.கி. வைட்டமின் சி. அதாவது 0.03 முதல் 0.05%. 15% சீரத்தில் இருப்பது அதைவிட 300 மடங்குக்கும் மேல். பி.எச். 2-ஐ ஒட்டி, அமிலம் முழுக்க சிட்ரிக். ஆக எரிச்சல் முழுசாகக் கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. போதாக்குறைக்கு எலுமிச்சைத் தோலில் ஃபுரோகூமாரின் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். தயவுசெய்து அதை ரசத்தோடு நிறுத்துங்க.

மெடிக்கல் மாமா:
மருந்துக் கடை கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவனுக்கு உங்க வேதியியலைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தக் குப்பி மே மாசம் எந்த கோடவுன்ல எத்தனை நாள் வெந்துச்சு?

வைட்டமின் சி-க்கு நாலு எதிரி: காத்து, வெளிச்சம், சூடு, இரும்பு-செம்பு துணுக்கு. டிராப்பர் மூடியைத் திறக்கும்போதெல்லாம் புதுக் காத்து உள்ள போகுது. வெள்ளைக் கண்ணாடின்னா வெளிச்சமும் போகுது. சூடு 10 டிகிரி ஏறினா கெடுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு பொதுக் கணக்கு. 25 டிகிரியில வெச்ச குப்பிக்கும் வேலூர் டெலிவரி வண்டிக்குள்ள 45-ல கிடந்த குப்பிக்கும் வித்தியாசம் நாலு மடங்கு.

வாங்கும்போது பாக்க வேண்டியது: தயாரிச்ச தேதி ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும். "24 மாசம் வரை பயன்படுத்தலாம்"னு போட்டிருக்கறது திறக்காத குப்பிக்கு. கரும்பழுப்புக் கண்ணாடி, இல்லைன்னா காத்துப் புகாத பம்ப். பேட்ச் நம்பர், தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் ரெண்டும் இருக்கணும், இல்லாததைத் தொடாதீங்க.

சைஸ் பத்தி யாரும் பேசறதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் 5 சொட்டு, சுமார் கால் மி.லி. 30 மி.லி. குப்பி தீர 120 நாள் ஆகும். திறந்த எல்-அஸ்கார்பிக் சீரம் நம்ம ஊர்ல 3 மாசம் தாண்டாது. கடைசி ஒரு மாசம் கெட்டுப்போனதைத்தான் தடவிக்கிட்டு இருப்பீங்க. 15 மி.லி. வாங்கினா 60 நாள்ல தீந்துடும். மி.லி.க்குக் கணக்குப் பார்த்தா விலை ஏறத்தான் செய்யும், ஆனா குப்பையில கொட்டறதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

மஞ்சக்கிழங்கு:
ஃபிரிட்ஜில் வைக்கலாமா மாமா? உள்ளே ஊசி ஊசியாக ஏதோ படிகிறது என்று ஒரு இடத்தில் படித்தேன்.

பீக்கர்:
தாராளமாக, கதவு தட்டில் இல்லாமல் உள் தட்டில். ஃப்ரீஸரில் வேண்டாம். ஊசியாகப் படிவது ஃபெருலிக் அமிலம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, கிளைக்கால் என்ற கரைப்பான் தயவில்தான் நிற்கிறது. குளிரில் பிரிந்து வரலாம். குப்பியை உள்ளங்கையில் உருட்டி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் கரைந்துவிடும். கரையவில்லை என்றால் தொடக்கத்திலேயே கரைப்பான் போதாமல் செய்திருக்கிறார்கள்.

நிறம் பற்றி: சாயம் இல்லாத புது சீரம் நிறமில்லாமலோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். தெளிந்த மஞ்சள் ஆனால் கொஞ்சம் போய்விட்டது, பயன்படுத்தலாம். டீ டிக்காஷன் நிறம் வந்தால் கொட்டுங்க. அஸ்கார்பிக் அமிலம் முதலில் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் ஆகும், அதுவரை திரும்பலாம். அடுத்து நீரோடு வினைபுரிந்து டைகீட்டோகுலோனிக் அமிலம். அங்கிருந்து திரும்ப வழி இல்லை. அதற்கும் பிறகு உண்டாவதில் எரித்ருலோஸ் ஒன்று, அது வெள்ளைக்காரர்கள் வெயில் படாமல் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் கிரீமில் போடுகிற பொருள். பழசான சீரம் தடவியவர்களுக்கு நகக்கண்ணும் மூக்கு ஓரத் துளைகளும் ஆரஞ்சாகத் தெரிவதும், தலையணை உறை கறைபடுவதும் அதனால்தான். மங்குக்காகத் தடவுகிறவருக்கு இதைவிடக் கேலிக்கூத்து வேறு இல்லை.

கஞ்சித்தண்ணி:
நிறத்தை நம்ப முடியாது என்றால் அளந்துவிடலாமே. பிளஸ் டூ லேபில் செய்த அயோடின் டைட்ரேஷன்தான், எல்லாம் மருந்துக் கடையிலும் அடுப்படியிலும் கிடைக்கும்.

தேவை: 5% போவிடோன் அயோடின் கரைசல் (காயத்துக்குப் போடும் அதே பழுப்புத் தண்ணி, களிம்போ ஸ்க்ரப்போ வேண்டாம்), 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்று, 1 மி.லி. சிரிஞ்சு, 5 மி.லி. சிரிஞ்சு, 10 மி.லி. சிரிஞ்சு, காய்ச்சி வடித்த தண்ணீர், ஆறின தெளிந்த சோற்றுக் கஞ்சி.

முதலில் மாத்திரையைப் பொடித்து 500 மி.லி. தண்ணீரில் கரையுங்க. இப்போது 1 மி.லி.-ல் 1 மி.கி. இதில் 15 மி.லி. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, அரை டீஸ்பூன் கஞ்சித் தண்ணி விட்டு, அயோடினை 5 மி.லி. சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்க. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் கருநீலமாகி உடனே மறையும். வைட்டமின் சி தீர்ந்த அடுத்த சொட்டில் கருநீலம் மறையாமல் அரை நிமிடம் நிற்கும். அங்கே நிறுத்தி எத்தனை மி.லி. போனது என்று எழுதிக்கொள்ளுங்க. சுமார் 4 மி.லி.-க்குச் சற்று மேலே வரும்.

இப்போது சீரம். 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்க. அதில் 10 மி.லி. எடுத்து அதே கஞ்சி, அதே அயோடின். சீரத்தில் 15% இருந்தால் அந்த 10 மி.லி.-ல் 15 மி.கி. இருக்கும், மாத்திரைக்குப் போன அதே அளவு அயோடின் போகும். பாதி போனால் 7.5%. இவ்வளவுதான் கணக்கு.

அயோடினை நேராக நம்பாமல் மாத்திரையை வைத்து ஒப்பிடுவதற்குக் காரணம், போவிடோன் அயோடினில் இருக்கும் அயோடின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒரே குப்பி அயோடினை இரண்டுக்கும் பயன்படுத்தினால் அந்தப் பிழை அடிபட்டுவிடும். கரைத்த உடனே செய்யுங்க, நீர்த்த வைட்டமின் சி ஒரு மணி நேரம் மேசையில் இருந்தாலே குறையும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதில் குளோரின் இருந்தால் அதுவே கொஞ்சம் தின்றுவிடும்.

பீக்கர்:
அருமை. இரண்டு திருத்தம். இது எல்-அஸ்கார்பிக் அமிலத்தை மட்டும் காட்டும். பாஸ்பேட், குளுக்கோசைடு வகைகள் அயோடினைத் தொடாது. அதனால் அவை மட்டுமே உள்ள சீரத்தை இப்படி அளந்துவிட்டு "இதில் ஒன்றுமே இல்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மறுபக்கம், லேபிளில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இருந்தால் அதுவும் அயோடினைத் தின்னும், வைட்டமின் சி கூடுதலாகத் தெரியும். இந்தக் குப்பியில் அது இல்லை, நல்லது.

பி.எச்.-க்கு 1 முதல் 14 வரை காட்டும் காகிதப் பட்டை வேண்டாம், 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் தெரியாது. 0 முதல் 6 வரை, அரை அரையாகக் காட்டும் பட்டை வாங்குங்க. சீரத்தை நீர்க்காமல் ஒரு சொட்டு பட்டையில் வைத்து நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்க. ஆரஞ்சு சாயம் பட்டையின் நிறத்தோடு கலந்து குழப்பும், அதனால் பட்டையின் ஓரத்தில் ஊறிப் பரவிய இடத்தைப் பாருங்க.

மஞ்சக்கிழங்கு:
செய்தாயிற்று. மாத்திரைக்கு 4.4 மி.லி., சீரத்துக்கு 2.9 மி.லி. பட்டை 4-ல் நிற்கிறது. இரண்டாம் முறையும் அதே.

பீக்கர்:
15-ஐ 2.9-ஆல் பெருக்கி 4.4-ஆல் வகுத்தால் 9.9. ஆக சுமார் 10% எல்-அஸ்கார்பிக் அமிலம். முன்பக்கத்து 20-ல் மீதி பாஸ்பேட் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தொடக்கத்தில் கூடப் போட்டு உங்களிடம் வருமுன் சிதைந்து போனதாகவும் இருக்கலாம். நிறத்தில் சாயம் இருப்பதால் எது என்று பிரிக்க முடியாது, அதுதான் அந்தச் சாயத்தின் புண்ணியம்.

பி.எச். 4-ல் சுமார் 61% மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். உறிஞ்சலுக்குச் சொன்ன 3.5-ஐத் தாண்டியாயிற்று. பாஸ்பேட்டுக்கோ 4 புளிப்பு அதிகம். நான் ஊகித்த நடு இடம் இதுதான். 3 பக்கம் இருப்பதைவிட எரிச்சல் குறைவாக இருக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

விளக்கெண்ணெய்:
அப்போ 20% போட்டது பொய்தானே? புகார் கொடுக்க முடியாதா?

மெடிக்கல் மாமா:
"காம்ப்ளெக்ஸ்"னு ஒரு வார்த்தையைப் போட்டுத் தப்பிச்சுட்டாங்க. கிண்ணத்துல கஞ்சி ஊத்தி அளந்ததை எடுத்துக்கிட்டுப் போனா எந்த இடத்துலயும் செல்லாது. அதைவிட, வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி மெயிலுக்கு மூணு கேள்வி அனுப்புங்க: எல்-அஸ்கார்பிக் அமிலம் மட்டும் எத்தனை சதவீதம், இந்த பேட்ச் பி.எச். எவ்வளவு, 40 டிகிரியில வெச்சுப் பாத்த நிலைப்புச் சோதனையில 3 மாசத்துக்கு அப்புறம் எத்தனை சதவீதம் மிச்சம். ஒழுங்கான கம்பெனி ரெண்டு நாள்ல பதில் போடும். "எங்கள் தயாரிப்பு தோல் மருத்துவர்களால் பரிசோதிக்கப்பட்டது"ன்னு மட்டும் பதில் வந்தா அதுவும் பதில்தான்.

வெயிலூர்:
வீட்டிலேயே கலந்துகொண்டால் புதுசாக இருக்குமே? பொடி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது.

பீக்கர்:
சி, இ, ஃபெருலிக் மூன்றையும் வீட்டில் முயல வேண்டாம். ஃபெருலிக் கரைய நிறைய எத்தாக்சிடைகிளைக்கால் வேண்டும், டோக்கோஃபெரால் பிரியாமல் நிற்க சரியான அளவு பாலிசார்பேட் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள்) வேண்டும். பெரும்பாலும் மேலே எண்ணெய், கீழே ஊசி என்று முடியும். வெறும் 10% வைட்டமின் சி கரைசல் முடியும், ஒரு வாரத்துக்கு மட்டும்:

எல்-அஸ்கார்பிக் அமிலப் பொடி 1 கிராம், புரோப்பிலீன் கிளைக்கால் 1 கிராம், தண்ணீர் 5 கிராம், 1% சமையல் சோடாக் கரைசல் 3 கிராம். மொத்தம் 10 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள், டீஸ்பூன் கணக்கு இங்கே உதவாது.

சோடாவை நேராகப் போடாததற்குக் காரணம், வேண்டியது 0.03 கிராம்தான், தராசு அதை ஒழுங்காகக் காட்டாது. 1 கிராம் சோடாவை 99 கிராம் தண்ணீரில் கரைத்து அதில் 3 கிராம் எடுத்தால் சரியாக வரும். சோடா இல்லாமல் விட்டால் பி.எச். 2.2 பக்கம், முகம் எரியும். இந்த அளவு சேர்த்தால் 3 பக்கம் வந்து நிற்கும், நுரைத்து அடங்கியபின் பட்டை வைத்துப் பாருங்க.

தண்ணீர் விஷயத்தில் பேட்டரித் தண்ணி வாங்காதீர்கள். அதில் உலோகத் துணுக்கு இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, வைட்டமின் சி-யைக் கெடுக்க இரும்பும் செம்பும் ஒரு துளி போதும். மருந்துக் கடையில் ஊசி மருந்து கரைக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் 10 மி.லி. ஆம்ப்யூல் வாங்குங்க. ஸ்டீல் ஸ்பூனும் வேண்டாம், கண்ணாடிக் குச்சி. சிறு கரும்பழுப்புக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, ஏழாம் நாள் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்க. பதனப்பொருள் எதுவும் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

மஞ்சக்கிழங்கு:
டாக்டர், கையில் இருக்கும் இந்தக் குப்பியைத் தூக்கிப் போடவா, தீர்க்கவா? தீர்ப்பதென்றால் எப்படி?

டெர்மா நெல்லை:
10%, பி.எச். 4 என்றால் மோசமில்லை, மென்மையான சீரம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் லிமோனீனும்தான் எனக்கு உறுத்துகிறது. லிமோனீன் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆக ஆக ஒவ்வாமை தரும் பொருளாக மாறும், உங்க குப்பி டிராப்பர் குப்பி. முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நாள் தடவிப் பாருங்க. அரிப்போ தடிப்போ வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன்றும் வரவில்லை என்றால்: காலையில், சோப்புக் கட்டி இல்லாமல் மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி (சோப்புக் கட்டி பி.எச். 9-10, தோலைக் காரமாக்கிவிட்டு மேலே அமிலம் தடவி என்ன பயன்), ஈரம் முழுக்கத் துடைத்து, 4-5 சொட்டு. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காய்ந்தபின் மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம். சீரம் காயுமுன் சன்ஸ்கிரீன் போட்டால் அழுக்கு மாதிரி உருண்டு திரளும், அப்போது தேய்த்து எடுப்பதில் சன்ஸ்கிரீனும் போய்விடும். மங்கு இருந்தால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்கும், வெள்ளை கிரீம் அதைத் தடுக்காது. சீரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்கு மாற்றினால் பலன் கூடும் என்பது என் கருத்து.

த்ரெட்டிங், வேக்ஸிங், ஷேவிங் செய்த அன்று வேண்டாம். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் போடுகிறவர்கள் அதை இரவுக்கு மாற்றுங்க, சேர்த்துப் போட்டால் அது வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ரெட்டினாய்டும் (வைட்டமின் ஏ வகை கிரீம்) இரவுக்கே.

வெயிலூர்:
நியாசினமைடு (வைட்டமின் பி3)? சேர்த்தால் இரண்டும் செத்துவிடும் என்கிறார்களே.

பீக்கர்:
அதிக சூட்டில் செய்த பழைய சோதனையைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பேச்சு. முகத்தின் வெப்பத்தில், தடவும் நேரத்துக்குள் அப்படி எதுவும் நடக்காது. பி.எச். 3 சீரத்தின் மேல் உடனே போட்டால் சிலருக்குச் சிவக்கும், அவ்வளவே. காலை இது, இரவு அது என்று பிரித்துவிடுங்க.

டெர்மா நெல்லை:
மஞ்சக்கிழங்கு, ஒன்று விட்டுப்போனது. இன்றே ஒரே இடத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் மூன்று கோணத்தில் படம் எடுத்து வையுங்க. நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில் எடுங்க. பரு வடு 8 முதல் 12 வாரத்தில் அசைய வேண்டும். மங்கு 12 வாரத்தில் கொஞ்சமும் அசையவில்லை என்றால் அடுத்த சீரத்தைத் தேடாமல் நேரில் யாரிடமாவது காட்டுங்க. கன்னத்தில் இருப்பது மங்குதானா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கும். பல வருஷம் ஸ்டீராய்டு கலந்த "நைட் கிரீம்" போட்ட தோலும் தூரத்தில் அப்படித்தான் தெரியும், அதற்கு மருந்தே வேறு.

மஞ்சக்கிழங்கு:
சரிங்க டாக்டர். காதுக்குப் பின்னால் இன்று ராத்திரியே தடவிவிடுகிறேன். மெயில் கேள்வி மூன்றையும் இரண்டு கம்பெனிக்கு அனுப்பியாயிற்று, பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

மெடிக்கல் மாமா:
பதில்ல பேட்ச் நம்பர் இருக்கான்னு பாரு தம்பி. பேட்ச் நம்பர் இல்லாத பி.எச். கணக்கு எந்தக் குப்பிக்கும் கணக்கில்லை.